வெயிலைக் கேட்டு வாங்கும் மூன்று செடிகள்

"பினாங்கில் ஏழாவது மாடி வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். வெயில் தாங்கவில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவரும் கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள். வீட்டில் ஒரு பூனை இருக்கிறது; பால்கனி சின்னது. செடி வளர்ப்பதா, கைவேலை கற்றுக்கொடுப்பதா, இன்னொரு பிராணி வாங்கித் தருவதா, எதில் தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி.

செடியில் தொடங்குங்கள். மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே வந்து சேரும். கடையில் விற்கும் கைவினைப் பெட்டி ஒரு பிற்பகலோடு முடிந்து அலமாரிக்குப் போய்விடும். குண்டுமல்லித் தொட்டி இருந்தால் பூக்கட்டும் வேலை தினமும் உண்டு. கறிவேப்பிலைக் கன்று இருந்தால் வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வந்து முட்டையிடும். சங்குப்பூக் கொடி இருந்தால் சாயம் கிடைக்கும். மூன்றுமே வெயிலைக் கேட்டு வாங்கும் செடிகள். வெயிலுக்குப் பயந்து நிழல் செடிகளாகப் பார்த்து வாங்கிப் பால்கனியில் வைத்துவிட்டு, அவை கருகுவதைப் பார்த்து மனம் நொந்துபோகிறவர்கள் இங்கே ஏராளம். நம் ஊர் வெயிலை வேலைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

முதலில் கடிகாரத்தைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டு உறவினர்களும் அங்கிருந்து வரும் காணொளிகளும் "நான்கு மணிக்கு வெயில் தணிந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று சொல்வார்கள். இங்கே அது பொருந்தாது. மலேசிய நேரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. பினாங்கு இருப்பதோ 100 பாகைக்குப் பக்கத்தில். அதனால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் இடையில்தான். நம் நான்கு மணி வெயில் ஏறக்குறைய சென்னையின் மூன்று மணி வெயில். பிள்ளைகளைப் பால்கனியில் உட்காரவைக்க ஏற்ற நேரம் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. மாலையில் ஆறு மணிக்குப் பிறகு. தண்ணீர் ஊற்றுவது காலையில். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை இங்கே மழை குறைவு. அந்த மாதங்களில் மட்டும் சாயங்காலம் ஒருமுறை விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்துக்கு உலர்ந்திருந்தால் இன்னொரு செம்பு ஊற்றலாம்.

இனி மல்லிகை. நர்சரியில் 'புங்கா மெலூர்' என்று கேட்டால் குண்டுமல்லிக் கன்று தருவார்கள். ஒன்று வாங்காதீர்கள், மூன்றாக வாங்குங்கள். ஒரு செடியில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் மொட்டுகள் சாமி படத்துக்கு வைக்கவே போதாது. பிள்ளைகள் ஆசையாகக் கட்ட உட்கார்ந்தால் நான்கு முடிச்சில் பூ தீர்ந்துவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மாடி வெயிலில் வேரைச் சுட்டுவிடும். மண்தொட்டி வையுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் தொட்டியைச் சற்றுப் பெரிய இன்னொரு தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் நாரைத் திணியுங்கள். நர்சரியில் மூட்டையாகக் கிடைக்கும் கறுப்பு மண் தண்ணீர் பட்டுப் பட்டு இறுகிவிடுவதால் அதில் பாதியளவுக்குத் தென்னை நார்த்தூளும் மக்கிய உரமும் கலந்துகொள்ளுங்கள்.

குண்டுமல்லிக்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். "இலை தளதளவென்று இருக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: வெயில் போதாது, அல்லது தழைச்சத்து உரம் அளவுக்கு மீறிவிட்டது. இன்னொன்று, கத்தரியை எடுக்கத் தயங்குவது. மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பூத்து ஓய்ந்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். ஐந்தாறு வாரத்தில் அந்த வெட்டிலிருந்து புதுக்கிளை வந்து மொட்டு கட்டும். ஆண்டுக்கு ஒரே குளிர்காலம் என்ற கணக்கு நமக்கு இல்லாததால், மூன்று செடிகளையும் மூன்று வெவ்வேறு வாரங்களில் வெட்டினால் ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்கும். வறண்ட மாதங்களில் இலையின் அடிப்பக்கம் மங்கி, மெல்லிய வலை படர்ந்தால் அது செஞ்சிலந்திப் பேன். மருந்து வேண்டாம், குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் படும்படி வேகமாக அடித்து, நாலு நாள் தொடர்ந்து கழுவினால் போதும்.

மொட்டைப் பறிக்கும் நேரம் காலை, வெயில் ஏறுவதற்கு முன். பருத்து வெளுத்து, ஆனால் இதழ் இறுகியே இருக்கும் மொட்டாக எடுங்கள். அது அன்றைக்குச் சாயங்காலம் விரியும். இரண்டு நாள் பறித்ததைச் சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால், ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம்.

கட்டுவதற்கு நூலைவிட வாழைநார் நல்லது. கம்பத்து (கிராமத்து) வீடுகளிலோ கோயில் பின்புறத்திலோ வாழை இருந்தால், உலர்ந்து தொங்கும் வெளிப்பட்டையைக் கேட்டு வாங்கி, கீற்றாகக் கிழித்துத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். நாரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மொட்டுகள் வலப்பக்கம் தலை வைத்தும், இரண்டு இடப்பக்கம் தலை வைத்தும், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இடக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலக்கையால் நாரைக் காம்புகளைச் சுற்றி ஒரு சுற்று விட்டு, ஆள்காட்டி விரலில் ஒரு வளையம் எடுத்து, அந்த வளையத்தைக் காம்புகளில் மாட்டி இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் கலையே இருக்கிறது. தளர்ந்தால் மொட்டு நழுவும். மிகுந்தால் காம்பு அறுந்து மொட்டு கையோடு வந்துவிடும். நாலு முழம் கட்டிய பிறகுதான் விரல் அந்த அளவைக் கற்கும். சின்னவர்களுக்கு முதல் வாரம் ஊசியும் நூலும் கொடுத்துச் செவ்வந்தியைக் கோர்க்க விடுங்கள். பிறகு முடிச்சுக்கு வரட்டும். ஜார்ஜ்டவுனில் குயின் தெரு மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பூக்கடைகளுக்கு ஒரு காலை நேரத்தில் அழைத்துப்போய்க் காட்டுங்கள். பேச்சு பேச்சாக இருக்க, கண் பாராமலே கைகள் சரத்தை நீட்டிக்கொண்டே போகும். 1833ஆம் ஆண்டில் எழுந்த கோயில் அது. அங்கே வழிவழியாக வரும் வேலையைத்தான் தாங்களும் வீட்டில் செய்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

கறிவேப்பிலைக்கு நர்சரிக்குப் போகவே தேவையில்லை. தாமான் எனப்படும் குடியிருப்புகளின் தரை வீடுகளில் மரம் வைத்திருக்கும் யாரையாவது கேட்டால், வேரிலிருந்து முளைத்த பக்கக்கன்றைப் பிடுங்கித் தருவார்கள். கறுத்துப் பழுத்த பழம் கிடைத்தால் சதையை நீக்கி உடனே விதையுங்கள். உலர்ந்த விதை முளைக்காது. நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால்தான் புதராகக் கிளைக்கும்.

இந்தச் செடியை நான் சமையலுக்காக மட்டும் சொல்லவில்லை. கறுப்பில் இளமஞ்சள் புள்ளிகள் தெறித்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும், பின் இறக்கையில் வெள்ளைப் பட்டை ஓடும் இன்னொரு பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில்தான் முட்டையிடும். இளந்தளிரில் குண்டூசித் தலையளவு இளமஞ்சள் மணி ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்கச் சொல்லுங்கள். ஏழாவது மாடிக்கு வண்ணத்துப்பூச்சி எப்போதும் ஏறி வரும் என்று சொல்ல முடியாது. வராவிட்டால் கீழே யார் வீட்டுச் செடியிலாவது முட்டையுள்ள கொத்தை ஒடித்துக் கொண்டுவந்து, சின்னத் தண்ணீர்ப் புட்டியில் செருகி வையுங்கள். புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், புழு தவறி உள்ளே விழாமல் இருக்க.

மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். புழு முதலில் பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் விழுந்ததுபோலவே இருக்கும். பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேடம். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு திடீரென்று பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளில் இரட்டைக் கொம்பு நீட்டி, ஒரு காட்டமான வாடையை விடும். அதைப் பார்த்த பிள்ளை கைப்பேசியைத் தேடினால் அது புழுவைப் படம் எடுக்கவாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் இலையைத் தின்று தீர்த்த பிறகு, புழு இலையை விட்டு இறங்கி அலையும். பயப்படாதீர்கள், இடம் தேடுகிறது. ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். வாலை ஒட்டி, இடுப்பில் ஒரு பட்டிழையைக் கட்டி, சாய்ந்து நின்று கூட்டுப்புழுவாகும். இன்னும் பத்து நாளை ஒட்டிக் கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் கோலம் தெரியும். அடுத்த நாள் காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள். வெளியே வந்த பூச்சியின் இறக்கை கசங்கிச் சுருண்டிருக்கும். தொங்கிக்கொண்டே இரத்தத்தை அதற்குள் ஏற்றி விரிக்க ஒரு மணி நேரம் போல ஆகும். அதுவரை தொடவே கூடாது. உலர்ந்ததும் பறக்க விட்டுவிட வேண்டும்.

ஒரே எச்சரிக்கை: கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் புழுவுக்குப் போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து புழுவைக் கொன்றுவிடும். இன்னொரு பிராணி வேண்டும் என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான். கூண்டு வேண்டாம், செலவு இல்லை, ஒரு மாதத்தில் ஒரு முழு வாழ்க்கையைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

சங்குப்பூ எளிது. விதையை இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைத்து, இரண்டு மாதத்துக்குள் கம்பியில் ஏறிப் பூத்துவிடும். காய்ந்த காய்களை மட்டும் வாயில் வைக்க விடாதீர்கள். விதை வயிற்றைக் கலக்கும். ஒரு கைப்பிடிப் பூவைச் சுடுநீரில் போட்டால் கருநீலச் சாறு இறங்கும். எலுமிச்சை பிழிந்ததும் அது கண்ணெதிரே ஊதாவாக மாறும், புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம் அது. நம் ஊர் ஞோஞா (பெரானாக்கான் சீனர்) வீடுகளில் புலுட் தைத்தை என்னும் ஒட்டரிசிப் பலகாரத்துக்கு நீலம் ஏற்றுவது இந்தப் பூவால்தான். அதே சாற்றில் பழைய பச்சரிசியை ஊறவைத்து எடுத்தால் நீல அரிசி. மஞ்சள்தூள் நீரில் மஞ்சள் அரிசி. மஞ்சளோடு ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திச் சிவப்பு. நிழலில் உலர்த்துங்கள், நேர்வெயிலில் மஞ்சளின் நிறம் போய்விடும். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலம் பார்த்திருப்பீர்கள். அதைப் பெரிய தட்டிலோ ஒட்டுப்பலகையிலோ பிள்ளைகள் போடலாம். முதலில் சாக்கட்டியில் கோட்டை வரைந்து, மூன்று விரலால் அரிசியைத் தூவிக் கோட்டுக்கு உள்ளே நிரப்ப வேண்டும். முடிந்ததும் அரிசியை நிறம் பிரித்து அள்ளி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொட்டித் தட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டினால் மட்டும் ஆகாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டையே எடுத்துவிடுங்கள். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு.

பூனைக்கு வருகிறேன். பால்கனிக்கு வலை அடிக்காமல் இந்த வேலை எதையும் தொடங்காதீர்கள். தொட்டிமேல் ஏறி, அங்கிருந்து கைப்பிடிச் சுவருக்குத் தாவுவது பூனைக்கு ஒரு நொடி வேலை. கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டியும் வைக்காதீர்கள். கீழே நடப்பவர் தலை அது. மல்லிகை பூனையைக் கெடுப்பதில்லை. கற்றாழையும் மணிபிளாண்டும் அதற்கு ஆகாது. எல்லாவற்றிலும் கொடியது லில்லி. சீனப் புத்தாண்டுப் பூங்கொத்தில் வந்தால்கூட வீட்டுக்குள் விடாதீர்கள். மயிரில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். பெர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்தும் பூனைக்கு நஞ்சு.

மத்தியான வெயிலில் பூனை சிமெண்டுத் தரையிலோ குளியலறை ஓட்டிலோ நீட்டிப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுக் கிண்ணத்திலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள், கூடுதலாகக் குடிக்கும். ஆனால் நாய் மூச்சிரைப்பதுபோல வாயைத் திறந்து இரைத்தால் அது வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரில் நனைத்த துண்டால் வயிறு, பாதம், காது மடல்களைத் துடைத்தபடி கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பனிக்கட்டித் தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள்.

பூனைக்கும் ஒரு செடி உண்டு: குப்பைமேனி. சாலையோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும். மலாய்க்காரர்கள் இதைக் 'கூச்சிங் காலாக்' என்பார்கள். வேரோடு பிடுங்கி மண்ணை உதறிப் போட்டால், பூனை வேரில் முகத்தைத் தேய்த்து, உருண்டு, எச்சில் வடித்துக் கூத்தடிக்கும். தின்ன விடாமல் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

மீன் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், ஒரு தாழியில் அல்லியும் நாலைந்து கப்பி மீன்களும் விடுங்கள். கொசுப்புழுவை அவை தின்றுவிடும். நாற்பது லிட்டர்த் தாழி நாற்பது கிலோ கனம் என்பதையும், கப்பி பெருகினால் சாக்கடையில் கொட்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நாய், கோழி என்றெல்லாம் பேச்சு வந்தால் முதலில் அடுக்குமாடி நிர்வாகத்திடம் கேளுங்கள். அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்க அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் அனுமதிப்பதில்லை.

வாரத்தில் ஒருநாள் காலையில் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்வாருங்கள். கைவிடப்பட்ட கருங்கல் குவாரி இருந்த இடத்தில் 1884ஆம் ஆண்டில் தாவரவியலாளர் சார்லஸ் கர்டிஸ் உருவாக்கியது. அங்கே நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. கிளையில் அல்லாமல் அடிமரத்திலேயே பூத்து, படம் விரித்த நாகத்துக்குக் கீழே லிங்கம் இருக்கும் அந்தப் பூவைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். வாசனை காலையில்தான் முழுதாக இருக்கும். தின்பண்டப் பையைக் கையில் வைத்திருக்காதீர்கள், குரங்கு பிடுங்கிக்கொள்ளும்.

உங்கள் பால்கனி எந்தத் திசை பார்க்கிறது என்று எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் தொட்டிகளின் வரிசை. கிழக்கு என்றால் மூன்றையும் கம்பியோரம் வையுங்கள், கவலையில்லை. மேற்கு என்றால் மல்லிகையை முன்னால் வைத்து, சங்குப்பூவை அதற்கு நிழலாக ஏற்றி, கறிவேப்பிலைக் கன்று தடிக்கும்வரை பின்னால் வையுங்கள். தெற்கோ வடக்கோ என்றால் இங்கே ஒரு விசேஷம் உண்டு: பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரை பாகை வடக்கே இருப்பதால், சூரியன் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நம் தலைக்கு மேலே கடந்து பக்கம் மாறும். தெற்குப் பால்கனிக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரைதான் வெயில் விழும். வடக்குப் பால்கனிக்கு ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை. திசையைச் சொல்லுங்கள், மல்லிகையை எந்த மாதம் வெட்டுவது என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.